நான்காம் அறை

காலை ஐந்து பத்து. பஸ்ஸில் பதினொரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவதாக ஏறியவளை அந்தத் தெருவில் எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னாலேயே மகள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு.

பை வாந்திக்கு. பஸ் நகர்ந்தால் போதும், அந்தப் பெண்ணுக்கு வயிற்றைப் புரட்டும். இன்றைக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய், இறங்கின கையோடு அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

"எல்லாம் உங்க அத்தை புண்ணியம்" என்றாள் டீச்சர். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மூன்றாவது தடவை.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தேர்வு மையம் இருக்கிறது. டீச்சரின் நாத்தனார் நூலகராக வேலை பார்க்கும் பள்ளி. தேர்வு நாட்களில் அவள் அங்கே கண்காணிப்பாளர். கண்காணிப்பாளரின் உறவினர் அதே மையத்தில் எழுதினால் மதிப்பெண் செல்லாது. விதி அப்படி.

"அதுக்கென்ன, அன்னைக்கு மட்டும் லீவு போடேன்" என்று இரண்டு வாரம் முன்பே டீச்சர் கேட்டுவிட்டாள்.

"முடியாது அண்ணி. பாப்பாவுக்கு வேற மையம் மாத்திடுங்க."

"ஏன் முடியாது?"

"முடியாது. அவ்வளவுதான்."

"கூடப் பொறந்த அண்ணன் பொண்ணை விட ஊரான் பிள்ளைங்களுக்குக் காவல் நிக்கறது பெருசாப் போச்சா? கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு நடக்கணும், அதானே?"

டீச்சரின் கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் இருபது வருஷமாக அவரைக் காப்பாற்றி வருவது செய்தித்தாள்தான்.

நேற்று மாலை நாத்தனார் ஓர் அட்டை மாத்திரையோடு வந்தாள்.

"பஸ்ல குடுங்க அண்ணி. இதைப் போட்டாத் தூக்கம் வராது. டாக்டரைக் கேட்டுத்தான் வாங்கினேன்."

டீச்சர் கையை நீட்டவே இல்லை.

அவளுக்கு வயிற்றெரிச்சல் வேறு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி பேசுகிற இருபத்து மூன்று பிள்ளைகளைத் தன் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து, இந்தத் தேர்வின் ஆங்கிலத்துக்குத் தயார் செய்தவள் அவள். சேர்க்க வரும் பெற்றோரிடம், "கவலையே படாதீங்க. இங்க வந்தா எல்லாரும் என் பிள்ளைங்கதான்" என்பாள். பத்தியைப் படித்து முடித்ததும், "எங்கே, ஒரு வரியில வீட்டு மொழியில சொல்லு. சொல்ல வரலைன்னா படிக்கலைன்னு அர்த்தம்" என்பாள். அந்த இருபத்து மூன்று பேரும் இன்றைக்குப் பக்கத்துப் பள்ளியில் எழுதுகிறார்கள். அவள் மகள் மட்டும் பிளாஸ்டிக் பையோடு.

பஸ் போய்ச் சேர்ந்தது. பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அதிசயமா இருக்கே" என்றாள் டீச்சர். மகள் பென்சில் டப்பாவோடு உள்ளே ஓடினாள்.

பன்னிரண்டே காலுக்கு வெளியே வந்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்மா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் போன் அடித்தது. வகுப்பில் 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வாங்கிய மாணவி. நிமிடத்துக்கு ஒரு தடவை நேரம் கேட்பவள்.

"டீச்சர்! நாங்க இருபத்து மூணு பேரும் ஒரே அறை! நாலாம் அறை!"

"ஒண்ணா உட்கார்ந்து பதிவு பண்ணினோம், ஒண்ணாப் போட்டிருப்பாங்க. அதுக்கா இந்தக் கத்து?"

"இல்ல டீச்சர். முடிஞ்சதும் மையத் தலைவர் வந்தாரு. 'ரெண்டு வாரம் முன்னாடி கண்காணிக்க ஆள் குறைஞ்சுபோச்சு. இந்த அம்மாவும் வரலைன்னு சொல்லியிருந்தா இந்த அறையையே மூடியிருப்போம். நீங்க எல்லாரும் அடுத்த தேதிக்குப் போயிருப்பீங்க. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்க'ன்னாரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம்."

அடுத்த தேதி, கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் தாண்டி. அது டீச்சருக்குத் தெரியாததல்ல.

"யாரு அந்த அம்மா?" என்றாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உங்க நாத்தனார்தான் டீச்சர்!"

டீச்சர் அங்கேயே மதில் ஓரமாக உட்கார்ந்தாள். நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள்.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அறை விவரத்தைத் தேர்வு முடியற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணி."

"அதுக்காக நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னியா?"

"நீங்கதானே சொல்வீங்க, எல்லாரும் என் பிள்ளைங்கன்னு. இருபத்து நாலு பிள்ளைங்கள்ல ஒருத்தி பஸ் ஏறினா மீதிப் பேர் எழுதலாம்னா, நீங்களே அதைத்தான் செய்வீங்கன்னு நினைச்சேன். பாப்பா வாந்தி எடுத்தாளா?"

"இல்ல."

"கிளம்பறப்போ போட்டுக்கச் சொல்லி மாத்திரையை அவ பென்சில் டப்பாவுல வெச்சேன். கோவிச்சுக்காதீங்க. விடைத்தாள் கட்டு ஒப்படைக்கணும், வெச்சிடறேன்."

போன் வைக்கப்பட்ட பிறகும் டீச்சர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு? எங்கே, ஒரு வரியில சொல்லு" என்றாள் மகள், அம்மாவின் குரலிலேயே.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தப்பாப் படிச்சுட்டேன்டி."

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி மகள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினாள். வழியனுப்ப வந்த நாத்தனார் ஓர் அட்டை மாத்திரையை நீட்டினாள். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.