ஜெயஸ்ரீ அனுப்பிய மெசேஜ்

“உங்களுக்காக ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் கட்டாயம் வாங்க. மறந்தா கோச்சிக்குவேன். - ஜெயஸ்ரீ.”

செந்தாமரை அதை மறுபடியும் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோகிற மனுஷன் அவள் புருஷன் அரிகிருஷ்ணன். செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். இன்றைக்கென்று போனை அடுப்பு மேடையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். வசமாக மாட்டிக்கொண்டார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர், மெசேஜைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. தீபாவளிக்கு எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் பவுடரும் போட்டார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“மேல்மலையனூர் அம்மன் கோயிலு வரிக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“இன்னிக்கு இன்னா, அமாவாசையா?”

“ஒரு வேல இருக்குது தாமர” என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமலே பைக்கை எடுத்தார்.

செந்தாமரை புடவையைக்கூட மாற்றவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். “அந்த பைக் பின்னாடியே போ தம்பி. உட்ராத.”

விடுவதற்கு அவசியமே இருக்கவில்லை. எப்போதும் பறக்கிற மனுஷன், இன்று மாட்டுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டு ஊர்ந்தார். கூட்டு ரோட்டில் மேல்மலையனூர் பக்கம் திரும்பாமல் திண்டிவனம் ரோட்டில் திரும்பினார். ஒரு மருந்துக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, மாடிப்படி ஏறினார்.

செந்தாமரை ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குதித்து இறங்கினாள். இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகா இந்தக் கூத்து?

அவளும் படியேறினாள். கதவைத் தள்ளித் திறந்தாள். முப்பது வயசுப் பெண் ஒருத்தி அரிகிருஷ்ணனின் கையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் ஜெயஸ்ரீயா? அடுத்தவ புருஷனுக்கு இன்னாடி எடுத்து வெச்சிருக்க நீ?”

அந்தப் பெண் பயப்படவில்லை. அரிகிருஷ்ணனின் புஜத்தில் அழுத்தியிருந்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டாள். அப்போதுதான் செந்தாமரை அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். பெஞ்சில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள்.

“ஃப்ளூ காய்ச்சல் ஊசிக்கா. வருசத்துக்கு ஒருக்கா போட்டுக்கணும். சும்மா சொன்னா யாரு வராங்க? அதான் மெசேஜ் அனுப்பறோம்.”

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. செந்தாமரைக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“ஒங்க நம்பருக்கும் எவ்ளோ மெசேஜ் போட்டேன்! பாக்கவே இல்லியாக்கா?”

பார்த்தாள். ஊசி என்கிற வார்த்தை கண்ணில் பட்டதுமே அழித்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவள் அவள். சர்க்கரை வேறு. அவள் பிழைத்து வந்ததிலிருந்து அரிகிருஷ்ணன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. “ஊசின்னு வாயத் தொறந்தீங்கன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்” என்று மிரட்டியே அவர் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

“சாருக்குப் போட்டாச்சி. இன்னொண்ணு இருக்குது. ஒக்காருங்கக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்றாள் ஜெயஸ்ரீ.

இத்தனை பேர் பார்க்கிறபோது ஓடவா முடியும்? அதோடு, உத்தமமான மனுஷனைச் சந்தேகப்பட்ட பாவம் வேறு நெஞ்சை அறுத்தது. செந்தாமரை உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அரிகிருஷ்ணன் அவளுடைய மறு கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

“அவ்ளோதாங்க்கா.”

“அவ்ளோதானா?” செந்தாமரை கண்ணைத் திறந்தாள். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

“மன்னிச்சிடுங்க” என்று புருஷனிடம் முணுமுணுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி அறைக்கு வெளியே வந்தாள். ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த கறிக்குழம்பு வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

உள்ளே ஜெயஸ்ரீ குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

“சார், நீங்க எழுதிக் குடுத்த மெசேஜ் சூப்பரா வேல செஞ்சிடுச்சி. அக்காவுக்காக அடுத்த வருசமும் அதயே அனுப்பட்டுமா?”

“அனுப்பும்மா. பேர மட்டும் மாத்திடு!”