நாலாவது துளை

ஹை வோல்டேஜ் வந்து போன அன்று முதல், ஃபிளெக்ஸ் கடையின் பெரிய பிரிண்டருக்குக் கணினியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. வழியில் இருந்தவை இரண்டுதான்: சுவரில் தொங்கிய நெட்வொர்க் பெட்டி, அதன் நாலாவது துளையிலிருந்து பிரிண்டருக்கு ஓடிய நீலக் கேபிள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. சோதனைப் பக்கத்தை நானே அடிச்சுக் காட்டிட்டேன்" என்றது பிரிண்டர். "இந்தக் கேபிள் பயதான் செத்துக் கிடக்கான்."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்று கேபிள் பெட்டியிடம் கெஞ்சியது. "உங்க துளை கருகிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியுமில்ல?"

பெட்டிக்குத் தெரியும். ஒரு துளை போனாலும் தன்னை முழுதாகக் கழற்றி வீசுவார்கள் என்பதும் தெரியும்.

"உனக்குள்ள எங்கயாவது அறுந்திருக்கும் தம்பி. நல்லா யோசிச்சுப் பாரு."

கேபிள் யோசித்துப் பார்த்தது. அதற்கே சந்தேகம் வந்துவிட்டது.

மெக்கானிக் வந்தார். நீலக் கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிய கேபிளைக் கைக்கு எட்டிய ஐந்தாவது துளையில் செருகினார். பிரிண்டர் ஓடியது.

"கேபிள்தான் கோளாறு" என்றார் அவர்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றது பிரிண்டர்.

முதலில் அச்சாகி வந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதைக் கம்பத்தில் கட்டக் கயிறு போதாமல், கீழே கிடந்த நீலக் கேபிளை எடுத்துப் போனார்கள்.

"அண்ணே, பக்கத்துத் துளையில விளக்கு எரியலையே?" என்று கேட்டது புதிய கேபிள்.

"அது எப்பவுமே எரிஞ்சதில்ல தம்பி" என்றது பெட்டி.