துருக்கியில் எடுத்த படங்கள்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஜன்னல்களைப் போர்வையால் மூடி இருட்டாக்கியிருக்கிறார்கள். மாட வீதியின் ரிக்‌ஷா மணி மட்டும் உள்ளே வருகிறது. துருக்கி போய் வந்த சரித்திரப் பேராசிரியர் சுப்பராமன், சுவரில் விழும் படங்களைக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார். சுல்தான்களின் அரண்மனை மியூசியமாகிவிட்டது. அங்காராவில் பழைய வியாபாரக் கூடமும் மியூசியமாகி, உள்ளே கல்சிங்கங்கள் நிற்கின்றன. கோன்யாவில் சூஃபிகளின் மடம்கூட மியூசியம்தான். "உடைஞ்ச ஓடானாலும் கண்டெடுத்தவன் பேரை எழுதி வெச்சுடறான்!" என்கிறார். எல்லாப் படத்திலும் ஓரமாக அவரும் நிற்கிறார். புரொஜெக்டரின் சூட்டில் வியர்த்தபடி ஸ்லைடு மாற்றுகிறாள் அவர் மனைவி நீரஜா. அத்தனை படமும் அவள் எடுத்தவை. அதை இன்று மேடையில் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காகவே பட்டுப் புடவையில் வந்திருக்கிறாள். முன்வரிசையிலிருந்து கிச்சா மாமா கேட்கிறார்: "படமெல்லாம் ஜோர், சுப்பராமா. யார் எடுத்தா?" நீரஜாவின் கை நிற்கிறது. "அங்க ஒரு கைடு இருந்தான், மாமா" என்கிறார் சுப்பராமன். "துருக்கிக்காரன் கையில மந்திரம்னா இருக்கு!" ஹால் சிரிக்கிறது. "அடுத்தது, நீரஜா" என்கிறார் சுப்பராமன், திரும்பிப் பார்க்காமல். கெட்டுப்போச்சு என்று அவர் கழித்துப்போட்ட ஸ்லைடு ஒன்று பெட்டியின் மூலையில் கிடக்கிறது. அவள் அதை எடுத்துச் செருகுகிறாள். அரண்மனை முற்றம், சாயங்கால வெயில், சிரித்தபடி அவர். அவர் காலடி வரை கல்தரையில் ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது: கண்ணருகே கேமராவை உயர்த்திப் பிடித்த கைகள், காற்றில் பறக்கும் முந்தானை. ஹாலில் சிரிப்பு ஓய்கிறது. "யாரோ குறுக்க வந்துட்டா" என்கிறார் அவர். "அடுத்தது." நீரஜா படத்தை மாற்றவில்லை.