சித்ரலேகா வயல்

"அவளுக்கு மட்டும் எல்லாத்தையும் அள்ளிக் குடுக்காரு சார்! இது நியாயமா?"

வேளாண்மை உதவி இயக்குநர் கார்த்திகேசன் நிமிர்ந்து பார்த்தார். மேசைக்கு எதிரே வியர்த்து விறுவிறுத்து ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் ஜெபகனி. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"முதல்ல உக்காருங்கம்மா. யாரு, யாருக்குக் குடுக்காங்க?"

"உங்க ஆபீஸ் தேவசிகாமணிதான். வேளாண் அலுவலரா எங்க பக்கம் வாராருல்லா, அவருதான். ஆத்தங்கரை வயக்காட்டுல சித்ரலேகான்னு ஒருத்தி இருக்கா. போன வருசம் அவளுக்கு மருந்தடிக்கிற மிஷினு. பிசானப் பருவ நடவுக்கு விதைநெல்லு. இப்ப சோலார் மோட்டாரு. எல்லாம் மானியத்துல! அவ புருசன் குவைத்ல சம்பாதிக்கான். அவளுக்கு என்ன கொறச்சல்?"

கார்த்திகேசன் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். மானியம் வந்த வீட்டைப் பார்த்து வராத வீடு பொருமுவது அவருக்குப் புதிதல்ல. இருந்தாலும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"சித்ரலேகா சிறு விவசாயி. அதுலயும் பெண் விவசாயி. அவங்களுக்கு மானியம் கூடுதல்தான்மா. எல்லாம் முறைப்படிதான் இருக்கு."

"என்ன முறை? அவ போன் அடிச்சா முத மணியிலயே எடுக்காரு. நான் அடிச்சா மீட்டிங்ல இருக்கேன்னு வச்சிருதாரு. ஞாயித்துக்கிழமைகூட அவ வயல்லதான் நிக்காரு!"

"மோட்டார் மாட்டும்போது அவரு அங்கன நிக்கணும்லா?"

"போட்டோ போட்டோவா எடுத்துத் தள்ளுதாரு சார்."

"பயனாளியை வயல்ல நிக்க வச்சுப் போட்டோ எடுக்கணும்மா. அது ரூல்."

"அவ சிரிச்சிக்கிட்டு நிக்கணும்னும் ரூல் இருக்கா?"

பக்கத்து மேசை கிளார்க் சட்டென்று குனிந்துகொண்டார். கார்த்திகேசன் தொண்டையைக் கனைத்தார்.

"எழுதிக் குடுங்க. விசாரிக்கேன். தப்பு இருந்தா அவரு வேலைக்கே ஆபத்து."

ஜெபகனி பதறிவிட்டாள். "ஐயோ, வேலையில கை வச்சிராதிய சார். கண்டிச்சு வச்சாப் போதும்."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு குரல் உடைந்தது.

"நானும் வருசக்கணக்கா கேக்கேன். பொறு, அடுத்த மாசம் பாப்போம்ங்காரு. அதுக்குள்ள அவளுக்கு ஒண்ணு போயிருது. அவளும் பொம்பளை, நானும் பொம்பளை. அவளவிட நான் எதுல சார் கொறஞ்சு போயிட்டேன்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கார்த்திகேசனின் மனசு இளகிவிட்டது. பாவம், எத்தனை முறை அலைந்தாளோ!

"அழாதீங்கம்மா. அடுத்த ஒதுக்கீட்டுல முத ஆளா உங்க பேரைச் சேக்கச் சொல்லுதேன். தேவசிகாமணியே உங்க வீட்டுக்கு வந்து பேசுவாரு. உங்களுக்கு எத்தனை ஏக்கர்?"

"எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கெடையாது."

"அப்ப எந்த மானியத்தைம்மா கேக்கீங்க?"

"மானியம் யாருக்கு சார் வேணும்?" என்றாள் ஜெபகனி. "பொழுது சாயுததுக்குள்ள அந்த மனுசனை வீட்டுக்கு அனுப்பி வைங்க, அது போதும். நான் அவரு பொண்டாட்டி."