உறையாத இருபது சட்டி

இருபது சட்டியில் ஒன்றுகூட உறையவில்லை.

எருமைத் தயிர் என்றால் சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. இது மோரைவிடக் கேடாக ஓடியது. மூன்று நாளாக இதே கதை. உறைமோரில் பிழையா என்றால், அதே உறைமோரை வாங்கிப்போன பக்கத்து வீட்டில் கல்லுப்போல உறைந்திருக்கிறது. நாளைக்குக் கோயில் அன்னதானத்துக்குத் தயிர் கொடுத்தாக வேண்டும். கொக்கட்டிச்சோலையில் சின்னத்தங்கத்தின் தயிர் என்றால் ஒரு பேர் உண்டு.

"பாலிலதான் விளையாட்டு" என்று அவள் முடிவு கட்டிக்கொண்டிருக்கும்போதே பிரதீஸின் மோட்டார் சைக்கிள் வாசல் படலையடியில் வந்து நின்றது. ஆறு எருமை வைத்து அவளுக்குப் பால் ஊற்றுபவன். பால் ஒன்றுதான் அவன் குடும்பத்துக்குப் பிழைப்பு.

"நில்லு மனே. எத்தின போத்தல் தண்ணி ஊத்தின நீ?"

பக்கத்துக் கடைவாசலில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, உள்ளுக்கு வாங்க. ஒரு கதை இரிக்கு" என்றான் பிரதீஸ் மெல்ல.

"உள்ளுக்கு என்ன ரகசியம்? எல்லாரும் கேக்கச் சொல்லு."

அவன் கடைவாசலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"தண்ணி ஊத்தல்லக்கா."

"அப்ப ஏன் உறையல்ல?"

அவன் பால்கேனை இறக்கி வைத்தான். அவள் பாலை அளந்து பார்த்தாள். வழமையாக முப்பது போத்தல் இருக்கும். இன்றைக்கு இருபத்தைந்து.

"பாத்தீங்களா? தண்ணிய நிப்பாட்டினதும் அஞ்சு போத்தல் குறைஞ்சு போயிற்று" என்று கடைவாசலுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இனி இந்தப் படலைக்கு வராத."

அவன் பால்கேனைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றார் கடைக்காரர். இப்படியான கதைகளுக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மத்தியானத்துக்குள் மற்றத் தயிர்க்காரர்களும் பிரதீஸின் பால் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பின்னேரம் சின்னத்தங்கம் காலை இழுத்து இழுத்து ஆசுபத்திரிக்குப் போனாள். போன மாதம் உடைந்த சட்டி ஓடு காலில் குத்திய புண். காய்ந்தது மாதிரி இருந்து, இப்போது திரும்பவும் சீழ் வைத்திருந்தது. மூன்று நாளைக்கு முன் எடுத்த சீழின் சோதனைத் துண்டைக் கையில் வைத்திருந்த டொக்டர் நிஸ்றாவின் முகம் நன்றாக இல்லை.

"அம்மா, அண்டைக்குத் தந்த குளிசை ஏழு நாளும் குடிச்சீங்களா?"

"மூணு நாளில புண் காஞ்சிற்று டொக்டர்."

"மிச்சக் குளிசை?"

"வீணாக்கல்ல" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. "எடுத்து வச்சிருந்தன். போன கிழமை, பால் கொண்டுவாற தம்பிட எருமைக்கு மடி வீங்கிற்று. பாவமெண்டு அவனுக்குக் குடுத்த நான்."

டொக்டர் துண்டை மேசையில் வைத்தாள்.

"பாதியில விட்டா கிருமி முழுக்கச் சாகாதம்மா. மிஞ்சினது மருந்துக்குப் பழகிரும். இப்ப உங்கட புண்ணில இரிக்கிற கிருமிய அந்தக் குளிசை ஒண்டும் செய்யாது. வார்ட்டில நிண்டு ஊசி போட வேணும். மாட்டுக்குக் கண்டபடி குடுத்தாலும் இதேதான். அங்க பழகின கிருமி மனிசருக்கும் வரும்."

சின்னத்தங்கத்துக்கு வேறொன்று நெஞ்சில் தட்டியது.

"டொக்டர், எருமைக்குக் குடுத்தா அந்த மருந்து பாலிலயும் இறங்குமா?"

"இறங்கும். ஏன்?"

"தயிர் உறையுதில்ல."

"எப்படி உறையும்? பால உறைய வைக்கிறதும் ஒரு கிருமிதானே. நல்ல கிருமி. மருந்து அதையும் கொண்டுரும்."

அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். ஆறு எருமைக்கு முப்பது போத்தல். ஒன்றைக் கழித்தால் இருபத்தைந்து.

"ஒரு மணித்தியாலம் தாங்க. வார்ட்டுக்கு வந்திர்றன்" என்று எழும்பியவள், ஓட்டோ பிடித்து நேரே பிரதீஸின் வீட்டு வளவுக்குப் போனாள்.

காலையில் கொண்டுபோன பால் அப்படியே கேனில் இருந்தது. வேறொரு வாளிப் பாலை அவன் குழிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அந்த எருமைட பாலா மனே?"

"ஓம். நேற்றுப் பின்னேரம் மாட்டு டொக்டர் வந்தவர். குளிசைதான் காரணமெண்டு சொல்லிற்றுப் போனவர். இண்டைக்கு அதை வேறாக்கிற்றுத்தான் உங்களிட்ட வந்த நான்."

சின்னத்தங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"வா, இப்பவே கடையடிக்குப் போவம். நீ தண்ணி ஊத்தல்ல, பிழை என்னிலதான் எண்டு எல்லாருக்கும் நான் சொல்றன். அது கிடக்கட்டும், காலையில இவ்வளவு பேச்சு வாங்கியும் ஏன் நீ வாயத் திறக்கல்ல?"

பிரதீஸ் வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

"அதுக்குத்தானே உள்ளுக்கு வரச் சொன்ன நான். நீங்க பாவம் பாத்துத் தந்த குளிசையக்கா. அத நாலு சனத்துக்கு முன்னால எப்படிச் சொல்ற?"