பின்பக்கம் ஏன் இறங்குது?

பாறைகள் மேல் நின்றபடியே ஓட்டும் டிரையல்ஸ் பைக் அது. மனைவி அதில் ஏறி நிற்க, கணவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்த மெக்கானிக், டேப் வைத்துப் பின்பக்கத்தை அளந்தான்.

"ரொம்ப இறங்குதே. ஸ்பிரிங் யார் போட்டது?"

"நான்தான், அவ எடைக்குப் பார்த்து வீட்டுலயே போட்டேன். தளர்ந்துபோச்சா தம்பி? ஞாயித்துக்கிழமை போட்டி."

"அவரு கைராசி அப்படி" என்றாள் அவள்.

மெக்கானிக் அவளை இறங்கச் சொல்லி, வெறும் வண்டியை அளந்தான். தலையைச் சொறிந்தான்.

"ஆள் இல்லாம சரியாத்தான் நிக்குது. ஸ்பிரிங் மேல தப்பில்ல. வந்து... கோவிச்சுக்காதீங்கக்கா."

"சொல்லுப்பா."

"நீங்கதான் வெயிட் போட்டிருக்கீங்க."

திட்டு விழும் என்று குனிந்துகொண்டான். நிமிர்ந்து பார்த்தால் இருவர் கண்ணிலும் நீர்.

"ஐயோ அக்கா, தப்பா எதுவும்..."

"இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து எலும்பும் தோலுமா வந்தேன். சாப்பிடுறது உடம்புல ஒட்டுதான்னு பார்க்க, எடை மெஷின்ல ஏறவே பயம்."

கணவன் கண்களை மூடி, கடவுளுக்கு நன்றி சொன்னான். பிறகு, பயிற்சிக்கு வரும்போதெல்லாம் மறக்காமல் தூக்கிவரும் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கெட்டியான ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினான்.

"இதைப் போடுங்க தம்பி. நோயில படுக்கறதுக்கு முன்னாடி அவ ஓட்டினது இதுலதான்."