சீஸ் அறையில் ஒரு மௌனி

சீஸ் அறையில் இருந்த துறவி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பீர்ப் பெட்டி எங்கே கொடுப்பார்கள் என்று சத்தமாகக் கேட்டபடி உள்ளே வந்த ஃபிர்மின், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவிலேயே ‘அமைதி காக்கவும்’ என்று எழுதித்தான் இருந்தது.

மௌன விரதம் என்று ஃபிர்மின் முடிவு கட்டிவிட்டார். ஓல்மர்பேக் மடத்துத் துறவிகள் ஒரு காலத்தில் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்ததாக அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். அந்த ரகத்தில் ஒன்றிரண்டு பேர் இன்னும் மிச்சம் இருப்பார்கள் போல.

பெட்டி கொடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே ஃபிளாண்டர்ஸ் மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. துறவி ஒரு பிரஷ்ஷை நீட்டினார். ஃபிர்மினும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பலகை அடுக்கிலிருந்த சீஸ் வட்டுகளை எடுத்து, உப்புப் போட்ட கறுப்பு பீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது வட்டைத் தேய்க்கும்போது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. ஈஸ்டரிலிருந்து நெஞ்சில் ஒரு பாரம். ஊர்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்றால், அவர் தினமும் ஃபிர்மினின் மதுக்கடையில்தான் சீட்டாடுகிறார். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அவருடைய முகத்துக்குத் தெரியாது.

இவரோ பேசவே பேசாதவர். “பிரதர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க பதில் எதுவும் சொல்ல வேண்டாம்.”

துறவி தலையாட்டினார்.

துறவிகளே காய்ச்சி விற்கும் பீருக்கு மடம் போட்ட சட்டம் ஊருக்கே தெரியும். போனில் பெயரும் கார் நம்பரும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு காருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பெட்டி. வீட்டில் குடிக்கத்தான், கடையில் விற்க மாட்டேன் என்று வாக்கும் கொடுக்க வேண்டும். மீறினால் பெயரை அடித்துவிடுவார்கள்; அப்புறம் ஆயுசுக்கும் ஒரு பாட்டில் கிடையாது. ஃபிர்மினின் கடை ஓடுவதே அந்தப் பாட்டிலை நம்பித்தான். அது நின்றால் ஒரே மாதத்தில் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“என் மாமியார் வண்டி ஓட்டி ஒன்பது வருஷமாச்சு பிரதர். அவங்க கார் கொட்டகையில கிடக்கு, உள்ள கோழி முட்டை போடுது. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம இங்க வந்து பீர் வாங்கிட்டுப் போகும்.”

அந்தக் காரின் நம்பர் பலகையைக் கழற்றித் தன் வேனில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவாராம். இன்றைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறாராம். மனைவி கார் நம்பரில் ஒரு பதிவு, மச்சினி கார் நம்பரில் ஒரு பதிவு, எல்லாம் கடைக்குத்தான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

துறவியின் கண்கள் அகலமாக விரிந்தன. அவரைச் சமாதானப்படுத்த நினைத்த ஃபிர்மின், ருசி பார்க்க வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு துண்டு சீஸை எடுத்துக் கடுகு விழுது தொட்டு நீட்டினார். அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வேண்டாமென்று தலையசைத்தார். மௌனத்தோடு உபவாசமும் சேர்த்துப் பிடிக்கிறார் போல என்று ஃபிர்மினுக்கு மரியாதை கூடியது.

மரியாதை கூடக் கூட, பாவத்தைச் சொல்ல வந்த மனிதர் பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டார். போனில் மாமியார் குரலில் எப்படிப் பேசுவார் என்று நடித்தே காட்டினார். குரலில் ஒரு நடுக்கம், இரண்டு இருமல், நடுவில் நீளமாக ஒரு பெருமூச்சு.

“போன் எடுக்கிறவர் சரியான வெகுளி பிரதர். ‘மூட்டு வலி தேவலையாம்மா’ன்னு கேப்பார். ‘எங்கேப்பா தேவலை, மழை வந்தா உசுரு போகுது’ன்னு நானும் அழுவேன். உங்களுக்காக ஜெபம் பண்றேன்னு சொல்லுவார். அசடு, நிஜமாவே பண்ணியிருக்கும்.”

துறவியின் தோள்கள் குலுங்கின. சுவர்ப் பக்கம் திரும்பி, கன்னத்தை அழுத்திப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் ஆத்துமாவுக்காக ஒரு மனுஷன் அழுகிறாரே என்று ஃபிர்மின் உருகிப்போனார். மாமியார் காரை இனிமேல் தொடுவதில்லை என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். மச்சினி காரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மணி அடித்தது. ஃபிர்மின் துறவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே வந்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

வேனைப் பெட்டி கொடுக்கும் வாசலுக்குக் கொண்டுபோனார். அங்கே நின்றிருந்த பிரதர் செர்வாஸ் கையிலிருந்த தாளில் நம்பரைச் சரிபார்த்து, இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கி வைத்தார். மாமியாருக்குத்தானே என்று கேட்டார். ஃபிர்மின் கூசாமல் ஆமாம் என்றார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தப் புண்ணியவானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போக மனசு வரவில்லை. “சீஸ் அறையில இருக்காரே, அந்த பிரதர் எத்தனை வருஷமா மௌன விரதம்?”

செர்வாஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“விரதமா? காலைலதான் அவருக்குக் கடவாய்ப் பல்லைப் புடுங்கினாங்க. இன்னைக்கு ஒரு நாள் பேசாதேன்னு டாக்டர் சொன்னதால சீஸ் கழுவ அனுப்பினோம். நாளைக்கு மறுபடி போன் எடுக்க உக்காந்துடுவார்.”